வீடு எங்கே, வேலை எங்கே?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்தில் வேலைக்குப் போவதற்காக யாரும் பஸ் ஏறியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு மணி அடிக்கும். லயத்து வீட்டுப் படியிலிருந்து இறங்கினால் பெரட்டுக் களம். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் பால் மரக்காடு. கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் இருக்கும். பிள்ளைகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு நடந்தே போவார்கள். கணவனும் மனைவியும் ஒரே தோட்டத்தில் வேலை செய்து, மத்தியானத்துக்குப் பிறகு ஒரே வீட்டுக்குத் திரும்புவார்கள். வீடும் வேலையும் ஒரே இடத்தில் இருந்தன.

அந்த வாழ்க்கையில் வசதி இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பயணம் என்ற செலவு இல்லை. பயணம் என்ற களைப்பும் இல்லை.

இதற்கு ஒரு விலை இருந்தது. வீடும் வேலையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. வேலை போனால் வீடும் போகும். வயதாகி ஓய்வு பெற்றாலும், நோயில் விழுந்தாலும், நிர்வாகத்தோடு மனத்தாங்கல் ஏற்பட்டாலும், லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்டமே கைமாறினால் எல்லோருக்கும் அதே கதி. 1950-களிலும் 1960-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது இந்த உண்மையைத் தோட்டப் பாட்டாளிகள் கண்ணால் கண்டார்கள். துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்ததற்கு அந்தத் துண்டாடலே காரணம்.

பிள்ளைகளுக்கும் இந்த முடிச்சு ஒரு தடையாக இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியே வேலை தேடினால் குடும்பத்துக்கு வீடு இருக்குமா என்ற பயம். அதனால் அப்பா பால் வெட்டிய நிரையில் மகனும் பால் வெட்டினான். வீடு இருந்த இடமே வேலையையும் தீர்மானித்தது.

பட்டணம் வந்த பிறகு என்ன ஆனது?

1972-ல் பினாங்கு பாயான் லெப்பாஸிலும், சிலாங்கூர் சுங்கை வேயிலும் தடையற்ற வர்த்தக வட்டாரங்கள் திறக்கப்பட்டன. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்கு ஆயிரக்கணக்கில் இளம் பெண்கள் தேவைப்பட்டார்கள். தொழிற்சாலைகள் ஒரு காரியம் செய்தன. கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் பஸ் அனுப்பின. விடியற்காலையில் தோட்டத்து வாசலில் பஸ் வந்து நிற்கும். ஷிப்டு முடிந்ததும் அதே பஸ் வீட்டில் கொண்டு வந்து விடும். பால் மரத்தைத் தவிர வேறு வேலை அறியாத குடும்பத்தில் ஒரு மகள் மாதச் சம்பளம் வாங்க ஆரம்பித்தாள். அந்த மாற்றத்தில் தொழிற்சாலைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த பஸ்ஸுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. பஸ் வராத தோட்டத்துப் பெண்ணுக்கு அந்த வேலை எட்டாக்கனியாகவே இருந்தது.

பிறகு தோட்டங்களே மறையத் தொடங்கின. ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள்பலம் குறைவாகப் போதும். 1980-களிலும் 1990-களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்ட நிலம் வீடமைப்புப் பகுதியாகவும் நெடுஞ்சாலையாகவும் கோல்ஃப் திடலாகவும் மாறியது. இன்று நிர்வாகத் தலைநகராக விளங்கும் புத்ராஜெயா, பெராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் இருந்த நிலத்தில் எழுந்தது. அங்கே பால் வெட்டிய குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேற்றப்பட்டன.

பல குடும்பங்கள் தாமாகவே பட்டணத்துக்கு வந்தன. வாடகை கொடுக்க வழியில்லாமல் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக் கொண்டன. அந்தப் புறம்போக்கு வீடுகள் எங்கே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ரயில் பாதை ஓரம், ஆற்றோரம், தொழிற்சாலைக்குப் பின்புறம். தண்ணீர் வசதி இல்லை, வெள்ள பயம், தீ பயம். இருந்தும் மக்கள் அங்கே இருந்தார்கள். காரணம், வேலை நடந்து போகும் தூரத்தில் இருந்தது. 1975 முதல் 1998 வரை கோலாலம்பூரில் ஓடிய மினி பஸ்ஸில் குறைந்த கட்டணத்தில் பட்டணத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகலாம். வசதி குறைந்த வீட்டில் இருந்தவர்கள் வேலைக்கு அருகில் இருந்தார்கள்.

அடுக்குமாடியும் தூரமும்

புறம்போக்குக் குடியிருப்புகளை ஒழிக்க அரசாங்கம் முனைந்தது சரியான காரியம்தான். மக்கள் வீடமைப்புத் திட்டமான பி.பி.ஆர். 1998-ல் தொடங்கியது. மூன்று அறைகள் கொண்ட வீட்டுக்கு மாத வாடகை 124 வெள்ளி. மழைக்கு ஒழுகாத கூரை, குழாய்த் தண்ணீர், மின்சாரம், சட்டப்படியான விலாசம் எல்லாம் கிடைத்தன. இதை யாரும் குறைவாகச் சொல்லக் கூடாது.

ஆனால் மலிவு வீடு எங்கே கட்டப்படும்? நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில்தான். 1982-ல் மலிவு வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி என்று நிர்ணயிக்கப்பட்டது. 1998-ல் பெரிய பட்டணங்களில் அது 42,000 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. அந்த விலைக்குள் வீடு கட்டித் தர வேண்டிய மேம்பாட்டாளர் பட்டணத்தின் நடுவில் நிலம் தேடுவாரா? ஓரத்துக்குத்தான் போவார். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், பழைய ஈயக் குட்டைக்கு இந்தப் பக்கம், பஸ் கடைசியாக வந்து திரும்பும் இடம். வீட்டின் விலை குறைந்தது. குறைந்த தொகை பெட்ரோலாகவும் பஸ் கட்டணமாகவும் தூக்கமில்லாத இரவாகவும் திரும்பி வந்தது.

எல்லா இடமும் அப்படி இல்லை. கோலாலம்பூர் அப்துல்லா ஹுக்கும் பகுதியைப் பாருங்கள். அங்குள்ள மலிவு அடுக்குமாடியிலிருந்து இலகு ரயில் நிலையமும் மிட்வேலி வணிக வளாகமும் நடந்து போகும் தூரம். கடை வேலை, சமையல் வேலை, அலுவலக வேலை என்று பலவகை வேலைகள் சுற்றிலும் இருக்கின்றன. அதே 700 சதுர அடி வீடு ரயிலும் பஸ்ஸும் எட்டாத ஓரத்தில் இருந்தால் அந்தக் குடும்பத்தின் கதையே வேறு.

ஒரு கணக்கு

இதை வெறும் பேச்சாகச் சொல்லாமல் கணக்காகவே பார்க்கலாம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்றால் மாதத்துக்கு 195 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 8 வெள்ளி 72 காசு வருகிறது.

இப்போது உதாரணத்துக்கு ஒரு தொழிலாளியை நினைத்துக் கொள்ளுங்கள். வேலைக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மாதம் 26 நாள் வேலை. பயணத்துக்கு மட்டும் 78 மணி நேரம் ஆகிறது. அது ஏறக்குறைய பத்து நாள் வேலை நேரம். அந்த 78 மணிக்குச் சம்பளம் கிடையாது. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் 50 வெள்ளி மாதப் பாஸ் இருக்கிறது. அது நல்ல திட்டம். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கு பஸ் இல்லை. கைத்தொலைபேசியில் வாடகைக் கார் அழைத்தால் ஒரு தடவைக்கு 6 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். போக, வர 12 வெள்ளி. 26 நாளுக்கு 312 வெள்ளி. பாஸையும் சேர்த்தால் 362 வெள்ளி. கையில் நிற்பது 1,338 வெள்ளி. பயண நேரத்தையும் சேர்த்து வகுத்தால் மணிக்கு 4 வெள்ளி 90 காசுதான் வருகிறது. சேமநிதிக் கழிவு வேறு.

தூரத்து முதலாளி 300 வெள்ளி கூட்டி 2,000 வெள்ளி தருகிறார் என்றாலும், பயணச் செலவு போக 1,638 வெள்ளிதான் மிஞ்சும். வீட்டுக்கு அருகில் 1,700 வெள்ளிக்கு வேலை செய்பவரின் கையிலோ அதைவிட 62 வெள்ளி அதிகம். 78 மணி நேரமும் மிச்சம்.

"நம் பிள்ளைகள் தூரம் என்று சாக்குச் சொல்லி வேலைக்குப் போவதில்லை" என்று பெரியவர்கள் குறைப்படுவது உண்டு. சில பேரிடம் சோம்பல் இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வது நியாயமாகாது.

இன்னொரு பிள்ளை வேலையை விடாமல் மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டு போகிறவர்களில் பத்தில் ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இரவு ஷிப்டு முடித்து, கண் சொருகிய நிலையில், லோரிகளுக்கு நடுவே நாற்பது கிலோமீட்டர் ஓட்டி வருகிறவனுக்கு நேர்வதைத் தலைவிதி என்று சொல்லி விடுகிறோம். அவன் வீடு எங்கே இருந்தது, வேலை எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஜோகூர் பாலத்தில் இந்தக் காட்சியை நாள்தோறும் காணலாம். பொழுது விடியுமுன்பே மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கும். சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு அந்தப் பயணத்துக்கு ஈடு கட்டுகிறது என்பதால் போகிறார்கள். அங்கேயும் சம்பளக் கணக்கில் சேராமல் போவது தூக்கமும், பிள்ளைகளோடு இருக்கும் நேரமும்.

பெண்களுக்குக் கூடுதல் சுமை

தூரம் எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. குழந்தைப் பராமரிப்பு நிலையம் மாலையில் மூடி விடும். பள்ளிப் பிள்ளையை மத்தியானம் கூட்டி வர வேண்டும். இரண்டையும் பார்த்துக் கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் தாய்க்குத்தான். ஆகவே தாயின் வேலை வட்டம் தந்தையின் வட்டத்தைவிடச் சிறியது. வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் என்ன வேலை கிடைக்கிறதோ அதுதான் அவருக்கு. அவர் எஸ்.பி.எம். தேறியிருக்கலாம், கணக்கியல் படித்திருக்கலாம். அரை மணி தூரத்துக்குள் இருப்பது சாப்பாட்டுக் கடை மட்டும் என்றால் அவர் சாப்பாட்டுக் கடையில்தான் வேலை செய்வார். அல்லது வேலைக்கே போக மாட்டார். மலேசியாவில் வேலை செய்யும் வயதில் உள்ள ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 83 பேர் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். பெண்களில் 56 பேர்தான். இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் உண்டு. தூரம் அவற்றில் ஒன்று.

வேலைச் செய்தி எந்த வழியாக வருகிறது?

குடியிருக்கும் இடம் பயணத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த வேலையைப் பற்றிக் காதில் விழும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டனில் வேலை மாறியவர்களிடம், எப்படி இந்த வேலை கிடைத்தது என்று கேட்டார். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெரிந்தவர் மூலமாகக் கிடைத்தது என்றார்கள். அந்தத் தெரிந்தவர் நெருங்கிய நண்பரா என்றால் பெரும்பாலும் இல்லை. எப்போதாவது சந்திக்கும் ஒருவர், முன்பு கூட வேலை செய்த ஒருவர். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததுதான். புதிய செய்தி சற்றுத் தள்ளி இருப்பவரிடமிருந்தே வருகிறது.

இதை நம் அடுக்குமாடிகளில் பொருத்திப் பாருங்கள். ஒரே மாடியில் பாதுகாவலர், லோரி ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர். உழைத்துப் பிழைக்கும் நேர்மையான மனிதர்கள். ஒருவருக்கொருவர் உதவுகிறவர்கள். அங்கே வளரும் பிள்ளைக்கு வேலை கேட்டால், "எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள்" என்று பாதுகாவலர் வேலையைத்தான் சொல்ல முடியும். ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் வேலை காலியாக இருப்பதைச் சொல்ல அந்த மாடியில் ஆள் இல்லை. பிள்ளையிடம் தகுதி இருந்தும் செய்தி வந்து சேருவதில்லை.

புத்ராஜெயா இதற்குக் கண்முன் உள்ள சான்று. தோட்டத்து மக்கள் குடியேற்றப்பட்ட டிங்கிலுக்குப் பக்கத்திலேயே ஒரு நகரம் எழுந்தது, அமைச்சுகள் வந்தன. ஆனால் அங்கே எழுந்த வேலைகள் பெரும்பாலும் அரசாங்க அலுவலக வேலைகள். பால் வெட்டிய கைக்கு அந்தக் கதவு தானாகத் திறக்காது. ஆகவே கிலோமீட்டர் குறைந்தால் மட்டும் போதாது. கல்வியும் பயிற்சியும் செய்தியும் கூடவே வந்து சேர வேண்டும்.

அமெரிக்காவும் அகமதாபாத்தும்

வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தை முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தவர் ஹார்வர்டு பொருளியலாளர் ஜான் கெய்ன். 1968-ல் வெளிவந்த அவருடைய கட்டுரை சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களைப் பற்றியது. தொழிற்சாலைகள் புறநகருக்குப் போய் விட்டன. கறுப்பினத்தவருக்குப் புறநகரில் வீடு கொடுக்க மறுத்தார்கள். அவர்கள் நகரின் நடுவிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். வேலை அவர்களை விட்டு விலகிப் போனது என்று அவர் எடுத்துக் காட்டினார். நம் நாட்டில் திசை மாறியிருக்கிறது. இங்கே ஏழைகள் ஓரத்துக்குப் போனார்கள். நோய் ஒன்றுதான்.

அப்படியானால் நல்ல வீட்டுக்கு மாற்றினால் நோய் தீர்ந்து விடுமா? இந்தியாவின் அகமதாபாத்தில் நடந்தது இதற்குப் பதில் சொல்கிறது. 1987-ல் அங்கே சேரியில் வாழ்ந்த பீடித் தொழிலாளப் பெண்களுக்குக் குலுக்கல் முறையில் வீடு கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். நல்ல வீடுதான். ஆனால் நகரின் நடுவிலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி. பதினான்கு ஆண்டுகள் கழித்து, குலுக்கலில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். வென்றவர்களின் குடும்ப வருமானம் உயரவில்லை. பிள்ளைகளின் நிலையிலும் மாற்றம் இல்லை. வென்றவர்களில் 34 விழுக்காட்டினர் அந்த வீட்டுக்குக் குடிபோகவே இல்லை. இன்னும் 32 விழுக்காட்டினர் குடிபோய் விட்டுப் பிறகு வெளியேறினார்கள். ஆத்திர அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுத்த உற்றார் உறவினர் பழைய இடத்தில் இருந்தார்கள். புதிய வீட்டில் சுவர் நன்றாக இருந்தது, துணை இல்லை.

அமெரிக்காவில் 1994 முதல் நியூயார்க், சிகாகோ உட்பட ஐந்து நகரங்களில் ஏறக்குறைய 4,600 ஏழைக் குடும்பங்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு, வறுமை குறைந்த வட்டாரத்தில் குடியேற வாடகை உதவி கொடுக்கப்பட்டது. பெரியவர்களின் சம்பளம் உயரவில்லை. திட்டம் தோல்வி என்றே பலர் நினைத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2015-ல் மீண்டும் கணக்கெடுத்தார்கள். பதின்மூன்று வயதுக்கு முன் அந்த உதவியால் குடிபெயர்ந்த பிள்ளைகள், இருபதுகளின் நடுவில், உதவி கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். பதின்ம வயதில் போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

இந்த இரண்டு ஆய்வுகளும் பெற்றோருக்குச் சொல்வது ஒன்று உண்டு. அக்கம்பக்கம் ஒரு நாளில் வேலை செய்யாது, ஆண்டுக்கணக்கில் ஊறும். சிறு வயதில் நல்ல பள்ளியும் பாதுகாப்பான தெருவும் வேலைக்குப் போகும் பெரியவர்களைப் பார்த்து வளரும் வாய்ப்பும் கிடைத்தால் அது பிள்ளையின் சம்பளத்தில் தெரியும்.

ஜூரோங் கற்ற பாடம்

பக்கத்து நாடான சிங்கப்பூரும் இதில் தடுக்கி விழுந்து எழுந்ததுதான். 1961-ல் சதுப்பு நிலமாக இருந்த ஜூரோங்கில் தொழிற்பேட்டை அமைக்கும் வேலை தொடங்கியது. அதன் சூத்திரதாரி நிதியமைச்சர் கோ கெங் சுவீ. தொழிற்சாலைகள் வந்தன, தொழிலாளர்களுக்கு அடுக்குமாடி வீடுகளும் கட்டப்பட்டன. ஆனால் தொடக்கத்தில் பல வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. பட்டணத்திலிருந்து தினமும் வந்து போனாலும் போவோம், ஜூரோங்கில் குடியிருக்க மாட்டோம் என்றார்கள் மக்கள். பொழுதுபோக்கு இல்லாத இடத்தில், உறவினர் இல்லாத இடத்தில் வேலை மட்டும் இருந்தால் மனிதன் குடியேற மாட்டான். 1971-ல் பறவைப் பூங்காவும் திறந்தவெளித் திரையரங்கும், 1975-ல் சீனத் தோட்டமும் அங்கே திறக்கப்பட்டன. தொழிற்பேட்டை மெல்ல மெல்ல ஊராக மாறியது.

வேறு இடங்களில் அவர்கள் வேலையை வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டு வந்தார்கள். தோ பாயோ, குவீன்ஸ்டவுன் போன்ற வீடமைப்புப் பேட்டைகளில் புகையில்லாத இலகு தொழில்களுக்கு அடுக்குமாடித் தொழிற்சாலைகள் கட்டப்பட்டன. தாய்மார்கள் பிள்ளையைப் பள்ளியில் விட்டு விட்டு நடந்தே வேலைக்குப் போனார்கள். 1970-ல் சிங்கப்பூர்ப் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர் வேலைச் சந்தையில் இருந்தார்கள். 1980-ல் அது 44 ஆனது. கல்வி, ஏற்றுமதி வளர்ச்சி என்று இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் நடந்து போகும் தூரத்தில் வேலை இல்லாதிருந்தால் அந்தத் தாய்மார்களில் பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

சிங்கப்பூர் சிறிய நாடு, அங்கே செய்ததை இங்கே அப்படியே செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் வீட்டைக் கட்டும் இலாகாவும் பஸ் விடும் இலாகாவும் தொழிற்சாலைக்கு அனுமதி கொடுக்கும் இலாகாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு நாடு சிறியதாக இருக்க வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

முதலாவது, திட்டமிடுகிறவர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று நல்ல ரயில் பாதைகள் இருக்கின்றன. சுங்கை பூலோ முதல் காஜாங் வரையிலான பெருவிரைவு ரயில் 2017-ல் முழுமையாக ஓடத் தொடங்கியது. புத்ராஜெயா தடம் 2023-ல் முழுமை பெற்றது. குறை இருப்பது கடைசி மூன்று கிலோமீட்டரில். அடுக்குமாடியிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கும் ஷிப்டு நேரத்தில் பஸ் வர வேண்டும். காலை ஏழு மணி ஷிப்டுக்கு ஆறரைக்குத்தான் முதல் பஸ் என்றால் அந்த பஸ் இருந்தும் பயனில்லை. புதிய மலிவு வீட்டுத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்குமுன் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை வேலையிடங்களுக்குப் போக முடியும் என்று கணக்குக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, முதலாளிகள். உள்ளூர்ப் பிள்ளைகள் வேலைக்கு வருவதில்லை என்று குறை சொல்லுமுன், 1970-களில் தோட்டத்து வாசலுக்கு வந்த பஸ்ஸை நினைத்துப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தின்படி, வேலை நேரத்தையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படித் தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு விட்டு வர அரை மணி நேரம் தள்ளித் தொடங்க அனுமதி கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, குடும்பங்கள். வீட்டுக்கு விண்ணப்பம் போடுமுன், வாங்குமுன், வேலை நாளில் காலை ஐந்தரை மணிக்கு அந்த இடத்திலிருந்து வேலையிடத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரில் போய்ப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வாடகையோடு பயணச் செலவையும் கூட்டிப் பாருங்கள். தூரத்து வேலை என்றால், இரண்டு மூன்று ஆண்டில் பதவியோ தொழில்திறனோ உயருமா என்று கேளுங்கள். உயரும் என்றால் சில காலம் சிரமப்படலாம். உயராது என்றால் கணக்கை மீண்டும் போடுங்கள். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே நல்ல வட்டாரத்துக்கு மாற முடிந்தால் மாறுங்கள்.

குடியிருப்பாளர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ஒன்று செய்யலாம். திருவிழா அறிவிப்பு ஒட்டும் பலகையில் வாரம் ஒரு தடவை வேலை அறிவிப்பையும் ஒட்டலாம். அந்த அடுக்குமாடியிலிருந்து படித்து வெளியேறியவர்களை வருடத்துக்கு ஒரு நாளாவது அழைத்து, எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் பேசச் சொல்லலாம்.

இறுதியாக, எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டிய ஒரு சட்டம். சொக்சோவில் பதிந்த தொழிலாளி, வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்தில் சிக்கினால், அது வேலை விபத்தாகவே கருதப்படும். சொந்த வேலையாக வேறு வழியில் திரும்பிப் போயிருக்கக் கூடாது. இதை அறியாமல் உரிமையை இழந்து விடாதீர்கள். மருத்துவச் சான்றையும் போலீஸ் புகாரையும் பத்திரப்படுத்தி, முதலாளி மூலம் விண்ணப்பியுங்கள்.

இந்தச் சட்டத்தில் ஓர் ஆழமான உண்மை இருக்கிறது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலுள்ள வழியும் வேலையைச் சேர்ந்ததுதான் என்று சட்டம் ஒப்புக் கொள்கிறது. விபத்து நடந்த பிறகு ஒப்புக் கொள்வதை, வீடு கட்டுமுன்பே ஒப்புக் கொண்டால் எத்தனை குடும்பங்கள் பிழைக்கும்? தோட்டத்து லயத்தில் வீட்டையும் வேலையையும் ஒரே முடிச்சாகப் போட்டதில் சுதந்திரம் போனது. பட்டணத்தில் முடிச்சை அவிழ்த்து இரண்டையும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி வைத்ததில் நேரமும் உயிரும் போகின்றன. அடுத்த தடவை ஓர் அடுக்குமாடித் திறப்பு விழாவில் வீட்டுச் சாவியை வாங்கும்போது, அங்கே வந்திருக்கும் தலைவரிடம் பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு?"